கருவாட்டு உப்பு இரண்டு கிலோ

கதிரியக்க அயோடின் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுப்பார்கள். எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக் கூடாது என்று இரண்டு பக்கமும் அச்சடித்திருக்கும். அந்தத் தாளை என்னால் இப்போதும் ஒரு வரி விடாமல் ஒப்பிக்க முடியும். அப்படியிருந்தும் கோட்டை விட்டேன். இன்னொருத்தி என்னைப் போல ஏமாறக் கூடாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் படித்த மேதை கிடையாது. மேலப்பாளையத்தில் ஒரு ரேஷன் கடையில் எடை போடுகிறவள். கோபம் சட்டென்று வரும், எழுத்திலும் அது வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கழுத்துக் கட்டியை முதலில் பார்த்தவர் டாக்டர் இல்லை. கடைக்கு வருகிற ஆமினா அக்கா, பீடி சுற்றுகிறவர். கூட்டம் குறைந்த ஒரு மத்தியானம் நான் செம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது என்னையே உற்றுப் பார்த்தார்.

"தங்கச்சி, நீ முழுங்கயில கழுத்துல என்னமோ ஏறி எறங்குது. டாக்டர்ட்ட காட்டு."

"எல்லாருக்கும் உள்ளதுதாங்க்கா. உங்களுக்கு சீனி எத்தன கிலோ?" என்று நான் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அவர் விடவில்லை. ஒவ்வொரு மாதமும் அரிசி வாங்க வரும்போது முதல் கேள்வி இதுதான். நச்சரிப்புத் தாங்காமல்தான் போனேன். அந்த நச்சரிப்புக்கு நான் எப்போதும் கடமைப்பட்டவள்.

ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டுக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வலி எறும்புக்கடி அளவுதான். முடிவு வருவதற்கான ஐந்து நாள்தான் வலித்தது. முடிவைப் படித்த அறுவை டாக்டர், "தைராய்டு புற்றுநோய்மா. ஆனா நல்ல வகை" என்றார். எனக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது. புற்றுநோயில் என்ன நல்ல வகை, அழுகின தக்காளியில் நல்ல தக்காளி என்கிற மாதிரி. பிறகு விளக்கினார். மெதுவாக வளர்வது, சிகிச்சைக்குப் பெரும்பாலும் கட்டுப்படுவது என்றார். என் வீட்டுக்காரர் அந்த "நல்ல வகை"யைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆட்டோவில் வீடு வந்து சேர்கிறவரை, "நல்ல வகைன்னுதான சொன்னாவ" என்று ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பார். ஜங்ஷனுக்கும் மேலப்பாளையத்துக்கும் இருபது வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறவர், அன்றைக்கு எங்கள் தெருவைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

தைராய்டை முழுதாக எடுத்தார்கள். இடது கழுத்தில் நாலைந்து நெறிக்கட்டிகளிலும் நோய் பரவியிருந்ததால் அவற்றையும் எடுத்தார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் செலவின் பெரும்பகுதி அதில் போயிற்று. எனக்குப் போனது குரல். தைராய்டை ஒட்டிக் குரலுக்கான நரம்பு ஓடுகிறது, அது நசுங்கியிருக்கிறது, சில மாதங்களில் சரியாகும் என்றார்கள். ரேஷன் கடையில் நான் போடுகிற சத்தம் பஸ் நிறுத்தம் வரை கேட்கும் என்பார்கள். இப்போது காற்றுதான் வந்தது. வீட்டில் திட்டுவதற்குக்கூடத் தட்டை ஓங்கித் தட்ட வேண்டியதாயிற்று.

அதன் பிறகுதான் இந்த அயோடின். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். தைராய்டு செல்களுக்கு அயோடின் என்றால் உயிர். உடம்பில் வேறு எந்த இடமும் அதை அப்படி இழுத்துக்கொள்ளாது. ஆபரேஷனில் கண்ணுக்குத் தெரியாமல் தப்பிய செல்கள் கழுத்திலோ நுரையீரலிலோ ஒளிந்திருக்கலாம். அவற்றை முதலில் பட்டினி போட வேண்டும். பிறகு கதிரியக்கம் ஏற்றிய அயோடினை ஒரு மாத்திரையாகக் கொடுத்தால், பசியில் கிடக்கிற செல்கள் அதைப் பாய்ந்து எடுத்துக்கொண்டு, அதனாலேயே செத்துப்போகும். பட்டினி போடுவதற்கு இரண்டு வழி, இரண்டையும் சேர்த்தே செய்யச் சொன்னார்கள். தைராய்டு மாத்திரையை நாலு வாரம் நிறுத்த வேண்டும். கடைசி இரண்டு வாரம் அயோடின் உள்ள எதையும் சாப்பிடக் கூடாது.

"நெறிக்கட்டி வரைக்கும் போனதால இது முக்கியம். முதல் தடவையே சரியாப் பிடிக்கணும்" என்றார் அணு மருத்துவ டாக்டர். என்னைவிட வயதில் சின்னவர், பொறுமைசாலி. மருந்து வடக்கே இருந்து விமானத்தில் வரும். நாளுக்கு நாள் அதன் வீரியம் குறையும், ஆகவே வாங்கி வைக்க முடியாது. ஆளுக்கென்று சொல்லி வரவழைக்க வேண்டும். தனி அறை ஒன்றுதான். எனக்கு ஒரு வியாழக்கிழமை ஒதுக்கினார்கள். அந்த வியாழனைத்தான் நாங்கள் மூன்று பேரும், அதாவது நான், வீட்டுக்காரர், ஒன்பது வயது மகள் லீனா, காலண்டரில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தாளில் முதல் வரியே அயோடின் உப்பு கூடாது என்பது. நான் சிரித்துவிட்டேன். பதினாறு வருஷமாகக் கடையில் ஒவ்வொருவரிடமும், "அயோடின் உப்பு பாக்கெட் ஒண்ணு வாங்கிக்கோங்க, கழுத்துல கழலை வராது" என்று சொல்லி விற்றவள் நான். விஷயம் தெரிந்ததும் ஆமினா அக்கா, "ஊருக்கெல்லாம் உப்பு வித்த, இப்ப ஒனக்கே உப்பு ஆவலையாக்கும்" என்று கேலி செய்தார். செய்துவிட்டு, "தொழுவயில ஒனக்குத்தான் துஆ செய்யுதேன்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடல் மீன் கூடாது, கருவாடு கூடாது. உவரியில் பிறந்தவளுக்கு இதைவிடத் தண்டனை வேண்டாம். பால், தயிர், முட்டை மஞ்சள் கரு, பேக்கரிப் பண்டம் எதுவும் கூடாது. அயோடின் கலக்காத உப்பு கிடைத்தால் போட்டுக்கொள்ளலாம், கிடைக்காவிட்டால் உப்பில்லாமல் சாப்பிடுங்கள் என்றார் உணவு ஆலோசகர். கிடைக்காமல் என்ன? எங்கள் ஊரில் கருவாடு போடுகிற உப்பு உப்பளத்திலிருந்து மூட்டையாக அப்படியே வருவது. அதில் அயோடினைக் கலக்க எவனுக்கும் தலைவிதி இல்லை. என் தம்பி மிக்கேல் வள்ளம் வைத்திருக்கிறான், அவன் வீட்டுக் கொல்லையில் அந்த உப்பு எப்போதும் கிடக்கும். தெரிந்த இடம், பிறந்த வீடு. பெரிய புத்திசாலி மாதிரி அவனுக்குப் போன் போட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கு என்ன வியாதி என்று மிக்கேலிடம் நான் சொல்லவில்லை. எங்கள் அப்பா தொண்டைப் புற்றில் போனார். ஆறு மாதம் கடலுக்குப் போகாமல் பக்கத்திலேயே கிடந்தவன் மிக்கேல்தான். அப்பாவுக்குப் பிறகு அந்த வார்த்தையை அவன் வீட்டில் யாரும் வாயால் சொல்வதில்லை, "அந்தச் சீக்கு" என்பார்கள். நான் சொன்னால் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டு என் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவான். ஆகவே, "கழலை ஆபரேஷன், அவ்ளோதான்" என்று முடித்திருந்தேன்.

"ஏலே, கருவாட்டுக்குப் போடுத உப்புல ரெண்டு கிலோ குடுத்துவிடு" என்றேன், அந்தக் காற்றுக் குரலில்.

"எதுக்குக்கா? அங்கன கருவாடு போடப் போறியா?"

"திங்கத்தாம்லே. டாக்டர் கல்லுப்புதான் திங்கச் சொல்லுதாவ."

"அத எப்படித் திம்ப? காலால மிதிச்சுப் போடுத உப்புக்கா அது."

"நான் கரைச்சு வடிகட்டிக்கிடுதேன். குடுத்துவிடுன்னா குடுத்துவிடு."

அயோடின் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் எதற்கு என்பான், எதற்கு என்றால் மற்றதெல்லாம் வரும். சொல்லவில்லை.

மறுநாள் மீன் வண்டியில் உப்பு வந்தது. கருவாட்டு வாடை அடிக்கும் பழைய சாக்குப் பையில் கட்டியிருந்தான். அவிழ்த்தால் வெள்ளை வெளேரென்று இருந்தது. "பாத்தீங்களா எங்க ஊரு உப்ப" என்று வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன். பதினாறு வருஷம் உப்பு விற்ற எனக்கு, காலால் மிதிபடுகிற உப்பு இவ்வளவு வெள்ளையாக இருக்குமா என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. சாக்கின் வாடையே எனக்குச் சாட்சியாகப் போதுமாயிருந்தது.

மாத்திரை நிறுத்திய மூன்றாவது வாரத்திலிருந்து உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. வெளியே அக்கினி நட்சத்திர வெயில், நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போர்வைக்குள் நடுங்கினேன். முகம் ஊதிக் கண் இடுங்கிப் போயிற்று. அடுப்படிக்கு நடந்து போய்விட்டு எதற்கு வந்தோம் என்று நிற்பேன். மகள் ஏழு எட்டு எவ்வளவு என்று கேட்டதற்கு எனக்கு விடை வரவில்லை, எடையும் கணக்குமாகவே வாழ்ந்தவளுக்கு. அன்றைக்கு நிஜமாகவே பயந்தேன். இது இப்படித்தான் இருக்கும், தைராய்டு இல்லாத உடம்பு மாத்திரையும் இல்லாமல் மந்தமாகிவிடும், சிகிச்சை முடிந்து மாத்திரை ஆரம்பித்ததும் சரியாகும் என்றார் டாக்டர். அறிவுக்குப் புரிந்தது. படுக்கையில் கிடக்கும்போது அறிவு பக்கத்தில் இருப்பதில்லை.

சமையலுக்கு வீட்டுக்காரரின் அக்கா பாபநாசத்திலிருந்து வந்திருந்தார். நான் மைனி என்று கூப்பிடுவேன். அதிகம் பேசாத மனுஷி, ஆனால் பேசினால் சுருக்கென்று இருக்கும். அவரை நான் படுத்தின பாடு கொஞ்சமில்லை. என் உப்புக்குத் தனி ஜாடி, தனி கரண்டி. மற்றவர்களுக்குப் பாக்கெட் உப்பு. ஒருநாள் கரண்டி மாறிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, என் உயிரோடு விளையாடுகிறீர்களா என்று அந்தக் குரலிலேயே சண்டை போட்டேன். அவர் குழம்பைக் கீழே கொட்டிவிட்டு மறுபடி வைத்தார்.

வியாழனுக்கு நாலு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு மிக்கேல் வந்து நின்றான், ஒரு குலை நுங்கோடு. என் முகத்தைப் பார்த்ததும் அவன் முகம் வாடிப்போயிற்று. "ஆபரேஷன் பண்ணா இப்படித்தாம்லே ஊதும்" என்று சமாளித்தேன். மைனி எல்லோருக்கும் சோறு போட்டார். என் உப்பில் வைத்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு அன்றைக்கு எல்லோருக்கும் பொது.

வீட்டுக்காரர் அவனைச் சீண்டினார். "என்ன மாப்பிள, கருவாட்டு உப்புல கொளம்பு இப்படி ருசிக்கே. இது தெரியாம இத்தன நாளு கடை உப்ப வாங்கிட்டு இருந்திருக்கோம்."

மிக்கேல் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான். "கருவாட்டு உப்பா? நல்லாருக்கு அத்தான். கட்டிக் குடுத்த வீட்டுக்கு எங்க அக்காவுக்கு மீன் உப்பக் குடுத்துவிட்டேன்னு ஊருல தெரிஞ்சா காறித் துப்ப மாட்டானா? அதுவும் ஆபரேஷன் பண்ணிக் கெடக்கவளுக்கு. கடையில நல்ல ஒசந்த கல்லுப்பாப் பாத்து, ரெண்டு பாக்கெட்டப் பிரிச்சுக் கொட்டிக் குடுத்துவிட்டேன். சொன்னா இவ திட்டுவா, எனக்குப் பாக்கெட் உப்பு வாங்கத் தெரியாதாம்பா. அதாம் பழைய சாக்குல கட்டினேன்."

மைனி கரண்டியோடு நின்று என்னைப் பார்த்தார்.

"என்ன பாக்கெட்லே?" என்று கேட்டேன்.

"சிரிச்ச சூரியன் படம் போட்டிருக்குமே, அது. ஏன்க்கா, ருசி இல்லையா?"

அந்தச் சூரியனை எனக்குத் தெரியாதா. அயோடின் சேர்த்த உப்பு என்பதற்கான அடையாளம் அது. அந்தப் படத்தைக் காட்டிக் காட்டித்தான் நான் விற்றேன்.

"ருசியாத்தாம்லே இருக்கு. நீ சாப்பிடு" என்றேன்.

பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்கு வருகிற பொருள் ஒரு படி உயர்வாகத்தான் வர வேண்டும் எங்கள் பக்கம். வற்றல் கொடுத்துவிட்டால்கூடப் பொறுக்கி எடுத்த வற்றலாக இருக்கும். அதைத் தெரிந்தவள் நான். தெரிந்தும் மட்டமானதைக் கேட்டேன், எதற்கு என்றும் சொல்லவில்லை. அவன் வேறு என்ன செய்வான்? அவனைப் பஸ் ஏற்றிவிட வீட்டுக்காரர் போனதும் அடுப்படிக்குப் போய் ஜாடியிலிருந்து ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு கரித்தது, அவ்வளவுதான். பத்து நாளாக மூன்று வேளையும் அதைத்தான் தின்றிருக்கிறேன். பட்டினி போட வேண்டிய செல்களுக்கு வயிறார விருந்து வைத்திருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டு அழுதேன், சத்தமே வராமல்.

வீட்டுக்காரர் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டாக்டர்ட்ட சொல்லாத ஸ்டெல்லா" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"சொன்னா தேதியத் தள்ளிருவாவ. அதுவரைக்கும் மாத்திரையுந் தர மாட்டாவ. நேத்து பாத்ரூம் வாசல்ல விழப் பாத்தியே, நான் பாக்கலன்னா நெனச்ச? இதுக்கு மேல நீ தாங்க மாட்ட. கொஞ்சம் உப்புதான. அவ்ளோ பவரான மருந்து, அதத் தாண்டி வேல செய்யாதா?"

அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர், ஒரு பொய்யைச் சொல்லும்படி என்னைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். எனக்கும் அந்த வியாழன் வேண்டும். இன்னொரு நாள்கூட இந்த உடம்போடு என்னால் முடியாது என்று இருந்தது. அதோடு, சொன்னால் எப்படியும் ஒருநாள் மிக்கேலின் காதுக்குப் போகும். உயர்ந்ததாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தவனுக்கு அதைவிடப் பெரிய அடி கிடையாது. சரி, சொல்லவில்லை என்றேன். உண்மையாகவே அப்படித்தான் முடிவு செய்தேன், இதில் என்னை நான் உயர்த்திச் சொல்லப் போவதில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. அன்றைக்கு ரத்தத்தில் டி.எஸ்.எச். பார்ப்பார்கள். தைராய்டை வேலை வாங்குகிற சுரப்பு அது. முப்பதைத் தாண்டினால் உடம்பு தயார் என்று அர்த்தம், பிறகு மருந்துக்குச் சொல்லிவிடுவார்கள். காத்திருக்கும் கூடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எதிரே ஒரு பெண் கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றி மூடிக்கொண்டு அதே தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "நீங்களும் அயோடினாக்கா? உப்புக்கு என்ன செய்யுதிய?" என்று கேட்டாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். "டி.எஸ்.எச். நல்லா ஏறியிருக்கு. சாப்பாடு சொன்ன மாதிரி இருந்தீங்களா?"

"இருந்தா டாக்டர்" என்றார் வீட்டுக்காரர், நான் வாயைத் திறக்கும் முன்பே. "பச்சத் தண்ணியக்கூடப் பாத்துப் பாத்துத்தான் குடிச்சா."

டாக்டர் தாளில் குறித்துக்கொண்டார். "அப்ப மருந்துக்குச் சொல்லிரலாம்" என்று மேஜை மேல் இருந்த போனை எடுத்தார்.

எனக்கு அந்த நேரத்தில் கடவுள் ஞாபகம் வரவில்லை, நியாயம் அநியாயமும் வரவில்லை. வந்தது கோபம். நாலு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது எதற்கு? என் கழுத்தை அறுத்தது எதற்கு? இந்த மருந்து வந்து இறங்கும், வயிறு நிறைந்த செல்கள் அதைச் சீண்டாமல் படுத்திருக்கும், நானும் பிழைத்ததாக நினைத்துக்கொண்டு அரிசி போட்டுக்கொண்டிருப்பேனா?

"இல்லை" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. மேலே மின்விசிறி கடகடவென்று ஓடியது. டாக்டர் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார். வீட்டுக்காரருக்கு மட்டும் கேட்டிருக்க வேண்டும், என் முழங்கையைப் பிடித்தார். நான் கையை உதறி மேஜையில் ஓங்கி அறைந்தேன். பேனா உருண்டு கீழே விழுந்தது.

"இல்லை டாக்டர். உப்பு. நான் அயோடின் உப்புதான் தின்னிருக்கேன். பத்து நாளா."

டாக்டர் போனை வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. நடந்ததை முழுதாகக் கேட்டார். அயோடின் எவ்வளவு என்று பார்க்கச் சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு பிறகு வந்தபோது, இருக்க வேண்டிய அளவைப் போலப் பல மடங்கு இருந்தது. "மருந்து உள்ள போயிருந்தா, பாதி கூடப் பிடிச்சிருக்காது. நீங்க சொன்னது நல்லதாப் போச்சு" என்றார். இரண்டு வாரம் தள்ளிப் போட்டார். மாத்திரையை இடையில் ஆரம்பிக்க முடியாது, ஆரம்பித்தால் ஏறிய டி.எஸ்.எச். இறங்கிவிடும் என்றார். அது எனக்கு முன்பே தெரியும்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறியும் வீட்டுக்காரர் வண்டியை எடுக்கவில்லை. "என்ன மன்னிச்சிரு" என்றார், முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. "வண்டிய எடுங்க" என்றேன். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. பயந்த மனுஷன் என்ன செய்வானோ அதைத்தான் செய்தார்.

அந்த இரண்டு வாரத்தைப் பற்றி அதிகம் எழுதப் பிடிக்கவில்லை. சட்டை பொத்தான் போடவே கால் மணி நேரம் ஆகும். இனி உப்பே வேண்டாம் என்று முடிவு செய்தேன், எந்த உப்பையும் நம்பத் தயாராக இல்லை. மைனி தனக்கும் உப்பில்லாமலே போட்டுக்கொண்டு என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். உங்களுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்றதற்கு, "என் கரண்டியில குத்தமில்லன்னு ஆயிட்டுல்லா, அந்தச் சந்தோசத்துல திங்கேன்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். "சாப்பிடு, ஆறிப்போவுது" என்று கையை இழுத்துக்கொண்டார். மிக்கேல் போன் செய்தபோது, மருந்து வர நாளாகிறது என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தேன்.

சொன்ன வியாழன் வந்தது. முதலில் கர்ப்பமில்லை என்று உறுதி செய்யப் பரிசோதனை. நாற்பது வயதில் இது என்ன கூத்து என்று வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தனி அறைக்குக் கூட்டிப்போனார்கள். கனமான ஈயப் பெட்டியை வண்டியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் ஒரு குப்பி, குப்பிக்குள் ஒரே ஒரு மாத்திரை. கையால் தொடாமல் அப்படியே வாயில் கவிழ்த்து விழுங்கச் சொல்லிவிட்டு எல்லோரும் தள்ளி நின்றார்கள். ஆறு வாரம் காத்திருந்தது ஒரு மடக்குத் தண்ணீரில் இறங்கிவிட்டது.

கதவு மூடிய பிறகு என் உடம்பிலிருந்தே கதிர் வீசும் என்பது புரிந்துகொள்ளக் கஷ்டமாக இருந்தது. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், எச்சில் ஊறப் புளிப்பு மிட்டாய் சப்ப வேண்டும், கழிப்பறையில் இரண்டு மூன்று தடவை தண்ணீர் விட வேண்டும். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். நர்ஸ் ஒருவர் கதவுக்கு வெளியே நின்று, "தனியா இருக்கீங்கன்னு நெனைக்காதீங்க, மணி அடிச்சா வாரேன்" என்பார். வரத்தான் முடியாது, அவருக்கும் தெரியும். ஆனாலும் தினம் சொன்னார். மூன்றாம் நாள் ஒரு கருவியைக் காட்டி அளந்து பார்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள். லீனாவை மைனி பாபநாசத்துக்குக் கூட்டிப்போயிருந்தார். பிள்ளைகளோடு சில நாள் ஒட்டக் கூடாது, பெரியவர்களோடும் ஆறடி விட்டுத்தான் இருக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்து ஸ்கேன். மருந்து உடம்பில் எங்கெல்லாம் போய் உட்கார்ந்திருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். கழுத்தில் மட்டும் கறுப்பாக இரண்டு புள்ளி. வயிற்றிலும் சிறுநீர்ப் பையிலும் தெரிவது மருந்து வெளியேறுகிற வழி, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்றார். "நுரையீரல் சுத்தமா இருக்கு. மருந்து போக வேண்டிய இடத்துக்கு நல்லாப் போய்ப் பிடிச்சிருக்கு." எனக்குத் திரை கலங்கிவிட்டது. இத்தனை நாள் எங்கே இருந்ததென்று தெரியாத அழுகை வந்தது.

வெளியே வந்தால் முற்றத்தில் வேப்ப மரத்தடியில் மிக்கேல் நின்றான். வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் வண்டி சாவியைத் தடவினார். அவர் வயிற்றில் எதுவும் தங்காது, என்ன வியாதி, எந்த உப்பு ஆகாது என்பதுவரை போனில் சொல்லியிருக்கிறார். மிக்கேல் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான். ஆறடியில் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"அப்பாவுக்கு வந்ததாக்கா?"

"அது வேற, இது வேற. ஆனா அந்தச் சீக்குதாம்லே. இப்ப மருந்து பிடிச்சிட்டுன்னு சொல்லிட்டாவ."

அவன் தலையை ஆட்டினான். பிறகு கேட்டான்.

"ரெண்டு வாரம் தள்ளிப்போச்சே. அது என்னாலயாக்கா?"

மருந்து வரவில்லை என்ற பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வீட்டுக்காரர்கூட, அதையே சொல்லிவிடு என்று கண்ணைக் காட்டினார். ஆனால் ஒரு பொய்க்கு எவ்வளவு செலவாகும் என்று இந்த ஆறு வாரத்தில் பார்த்துவிட்டேன். அந்த உப்பைக் கேட்டபோது உண்மையைச் சொல்லியிருந்தால், உவரிக் கடற்கரை முழுக்க நடந்தாவது இவன் சரியான உப்பைக் கொண்டுவந்திருப்பான்.

"ஆமாலே" என்றேன். குரல் எட்டவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "ஆமா. நீ வாங்கிக் குடுத்த உப்பாலதான். நான் உன்ட்ட மறைச்சதாலயுந்தான். தப்புல பாதி என்னுது."

அவன் முகம் கோணிற்று. அப்பாவை அடக்கம் செய்த அன்றைக்குப் பிறகு அவன் அழுது நான் பார்த்ததில்லை. ஒரு எட்டு முன்னால் வந்தான். "அங்கனயே நில்லுலே, கிட்ட வரக் கூடாது" என்றேன். காதில் விழவில்லையோ என்னவோ, இன்னொரு எட்டு வைத்தான். நான் ஒரு எட்டு பின்னால் போனேன். அவன் வர வர நான் பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். சுவர் முதுகில் இடித்ததும் நின்றேன். அவனும் நின்றுவிட்டான். நடுவில் ஆறடியை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பேரும் அழுதோம்.